இந்தியப் பொதுமுடக்கம், 2020: பொதுச் சுகாதாரமும் பொருளாதாரமும்

இந்தியப் பொதுமுடக்கம், 2020 என்பது கோவிட்-19 நோய்ப்பரவலைத் தடுக்கும்பொருட்டு இந்திய நடுவண் அரசு 2020 மார்ச் 25 முதல் மே 31 வரை, 68 நாட்கள், நான்கு கட்டங்களாக நாடு முழுதும் நடைமுறைப்படுத்திய ஊரடங்கு ஆகும். சுமார் 130 கோடி மக்கள் இதற்கு உட்பட்டனர். உலக நாடுகளின் கட்டுப்பாடுகளை ஒப்பிட ஆக்சுபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய கடுமைக் குறியீட்டில், இதன் முதற்கட்டம் 100க்கு 100 பெற்றது. நோயால் நேரும் உயிரிழப்பைக் குறைப்பதா, வேலையும் வருவாயும் அழியாமல் காப்பதா என்னும் கேள்வி பல நாடுகளில் எழுந்ததெனினும், உழைப்பாளரில் பத்தில் ஒன்பது பேர் முறைசாராத் தொழில்களில் உள்ள இந்தியாவில் அது வேறு வடிவம் பெற்றது. இங்கே பலருக்கு வருவாய் என்பது அன்றைய கூலி. அன்றைய கூலி என்பது அன்றைய உணவு. எனவே "பொருளாதாரம்" எனப் பொதுவாகச் சுட்டப்படுவதன் ஒரு பகுதி இங்கு நேரடியாகவே உயிர் பற்றியது. இக்கட்டுரை அவ்விவாதத்தையும், முடக்கத்தின் விளைவுகளையும், குறிப்பாகத் தமிழ்நாட்டு நிகழ்வுகளையும் விளக்குகின்றது.

சொல் வழக்கு

"ஊரடங்கு" என்பது தமிழில் முன்பிருந்தே கலவரக் காலங்களில் காவல்துறை பிறப்பிக்கும் ஆணையைக் குறித்து வந்த சொல். 2020க்குப் பின் அது நோய்க்காலக் கட்டுப்பாட்டையும் குறிக்கலாயிற்று. கடைகளும் ஆலைகளும் போக்குவரத்தும் ஒருசேர நிறுத்தப்பட்டதால் "பொதுமுடக்கம்", "முழு முடக்கம்" ஆகிய சொற்களும் நாளேடுகளில் பரவலாயின. முந்தையது நடமாட்டத்தைச் சுட்டுகின்றது. பிந்தையவை தொழிலையும் சேர்த்துச் சுட்டுகின்றன.

பின்னணி

இந்தியாவின் முதல் நோயாளி 2020 சனவரி 30 அன்று கேரளத்தில் கண்டறியப்பட்டார். உலக சுகாதார அமைப்பு மார்ச் 11 அன்று இதனை உலகப்பரவல் நோயாக அறிவித்தது. மார்ச் 16 அன்று இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட கணிப்பு, எந்தத் தடுப்பும் இல்லையெனில் பிரித்தானியாவில் சுமார் 5 இலட்சம் பேரும் ஐக்கிய அமெரிக்காவில் சுமார் 22 இலட்சம் பேரும் இறக்கக்கூடும் என்றது. பல அரசுகளின் முடிவுகளில் இக்கணிப்பு பெரும் செல்வாக்குச் செலுத்தியது.

இந்திய அரசு மார்ச் 22 அன்று 14 மணி நேர மக்கள் ஊரடங்கை நடத்தியது. மார்ச் 24 இரவு 8 மணிக்குத் தலைமை அமைச்சர் நரேந்திர மோதி தொலைக்காட்சியில் உரையாற்றி, நள்ளிரவு முதல் 21 நாட்கள் நாடு முழுதும் முடக்கப்படும் என அறிவித்தார். அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையே இருந்தது நான்கு மணி நேரம். அப்போது நாட்டில் கண்டறியப்பட்டிருந்த நோயாளிகள் சுமார் 500 பேர் மட்டுமே. தமிழ்நாட்டில் அதற்கு முன்னரே, அன்று மாலை 6 மணி முதல் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்திருந்தது.

முடக்கத்துக்குச் சட்ட அடிப்படையாக அமைந்தது 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். மாநிலங்கள் 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தையும் பயன்படுத்தின. 1896இல் பம்பாயில் பரவிய பிளேக்கை ஒட்டி ஆங்கில அரசு இயற்றிய இச்சட்டம், அதிகாரிகளுக்குத் தடுக்கவும் சோதிக்கவும் அதிகாரம் தருகின்றது; தடுக்கப்பட்டவரின் உணவு, கூலி பற்றி ஏதும் பேசுவதில்லை.

அரசின் நிலைப்பாடு

மார்ச் 24 உரையில் தலைமை அமைச்சர் "ஜான் ஹை தோ ஜஹான் ஹை" என்னும் இந்தித் தொடரைப் பயன்படுத்தினார். உயிர் இருந்தால்தான் உலகம் என்பது இதன் பொருள். பொருளாதார இழப்பு நேரும் என்பதையும் அவ்வுரையில் அவர் ஒப்புக்கொண்டார். ஏப்ரல் 11 அன்று மாநில முதலமைச்சர்களுடன் நடத்திய காணொலிக் கூட்டத்தில் இத்தொடர் "ஜான் பி, ஜஹான் பி" என மாறியது. அதாவது உயிரும் வேண்டும், உலகும் வேண்டும். பதினெட்டு நாட்களில் நேர்ந்த இச்சொல் மாற்றம் அரசின் சிந்தனை மாற்றத்தைக் காட்டுவதாகக் கருதப்படுகின்றது. ஏப்ரல் 20 முதல் வேளாண்மைக்கும் சில தொழில்களுக்கும் தளர்வுகள் தரப்பட்டன.

வாழ்வாதார இழப்பு

2020 ஏப்ரல் முதல் சூன் வரையிலான காலாண்டில் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 23.9 விழுக்காடு சுருங்கியதென முதல் மதிப்பீடு கூறியது. கட்டுமானத்துறை பாதியாகக் குறைந்தது. ஆலை உற்பத்தி 39 விழுக்காடும், வணிகம், விடுதி, போக்குவரத்து ஆகியன சேர்ந்த துறை 47 விழுக்காடும் வீழ்ந்தன. வேளாண்மை மட்டும் 3.4 விழுக்காடு வளர்ந்தது. 2020-21 முழு ஆண்டின் சுருக்கம் பின்னர் திருத்தப்பட்ட மதிப்பீட்டின்படி 5.8 விழுக்காடு ஆகும்.

இவ்வெண்கள் முறைசாராத் துறையின் இழப்பைக் குறைத்தே காட்டுகின்றன. காலாண்டு மதிப்பீடுகள் பெரிதும் பதிவுபெற்ற நிறுவனங்களின் கணக்குகளைக் கொண்டு ஊகிக்கப்படுபவை. தள்ளுவண்டிக் கடையோ வீட்டு வேலையோ சித்தாள் வேலையோ அவற்றில் நேரடியாகப் பதிவாவதில்லை. இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம் என்னும் தனியார் ஆய்வு நிறுவனம், 2020 ஏப்ரலில் 12.2 கோடிப் பேர் வேலை இழந்ததாக மதிப்பிட்டது. அவர்களில் சுமார் 9 கோடிப் பேர் சிறுவணிகரும் கூலித் தொழிலாளரும் ஆவர். இழப்பு எல்லார்மீதும் ஒரே அளவில் விழவில்லை என்பதற்கு இது போதிய சான்று. வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பணியாற்றக்கூடியோர் நோயிலிருந்தும் ஓரளவு காப்புப் பெற்றனர், ஊதியமும் பெற்றனர்.

புலம்பெயர் தொழிலாளர்

பெருநகரங்களில் வேலைபார்த்து வந்த பீகார், உத்தரப் பிரதேசம், சார்க்கண்டு, ஒடிசா முதலிய மாநிலத் தொழிலாளர் வேலையும் தங்குமிடமும் இழந்து ஊர்களுக்கு நடக்கத் தொடங்கினர். தொடருந்துகளும் பேருந்துகளும் நின்றுவிட்டதால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தோர் பலர். மே 8 அன்று மகாராட்டிரத்தின் ஔரங்காபாத் அருகே, நடந்து களைத்துத் தண்டவாளத்திலேயே உறங்கிய 16 தொழிலாளர்கள்மீது சரக்குத் தொடருந்து ஏறியதில் அவர்கள் இறந்தனர். தொடருந்துகள் ஓடவில்லை என எண்ணி அவர்கள் அங்கே படுத்திருக்கக்கூடும் எனச் செய்திகள் கூறின.

தொழிலாளருக்கான சிறப்புத் தொடருந்துகள் மே 1 அன்றுதான் தொடங்கின. முதல் வண்டி தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து சார்க்கண்டின் அட்டியாவுக்குச் சென்றது. ஆகத்து இறுதிக்குள் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவற்றில் பயணம் செய்தனர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர் ஊர் திரும்பியதாக நடுவண் அரசு 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கூறியது. வழியில் இறந்தோர் எண்ணிக்கை பற்றிய தரவு தன்னிடம் இல்லை எனவும் அதே பதிலில் கூறியது.

சுகாதார நோக்கில் பார்த்தாலும் இந்நிகழ்வு முக்கியமானது. மார்ச் இறுதியில் தொழிலாளரிடையே தொற்று மிகக் குறைவாக இருந்தது. அப்போது சில நாள் அவகாசம் தந்து அவர்களை அனுப்பியிருக்கலாம், அல்லது இருந்த இடத்திலேயே உணவும் பணமும் தந்து நிறுத்தியிருக்கலாம். இரண்டும் போதிய அளவில் நடைபெறவில்லை. மே மாதத்தில், நகரங்களில் தொற்று பெருகிய பிறகு அவர்கள் அனுப்பப்பட்டபோது நோயும் உடன் சென்றது. பீகார் முதலிய மாநிலங்களில் மே மாதம் கண்டறியப்பட்ட நோயாளிகளில் பெரும்பங்கினர் ஊர் திரும்பியவர்களே. ஆக, பிழைப்பைப் புறந்தள்ளிய முடிவு சுகாதாரத்துக்கும் உதவவில்லை.

நிவாரணம்

முடக்கம் தொடங்கிய மறுநாள், மார்ச் 26 அன்று, நடுவண் அரசு 1.70 இலட்சம் கோடி உரூபா மதிப்பிலான நிவாரணத் திட்டத்தை அறிவித்தது. நியாயவிலைக் கடைகள் வழியே சுமார் 80 கோடிப் பேருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி அல்லது கோதுமை கூடுதலாக இலவசமாக வழங்கப்பட்டது. சுமார் 20 கோடிப் பெண்களின் சன் தன் வங்கிக் கணக்குகளில் மூன்று மாதங்களுக்கு மாதம் 500 உரூபா செலுத்தப்பட்டது. தானியத் திட்டம் பெருமளவு பயனளித்தது எனலாம். ஆனால் 500 உரூபா என்பது அன்றைய நிலையில் இரண்டு அல்லது மூன்று நாட்களின் நூறு நாள் வேலைக் கூலிக்கு மட்டுமே ஈடானது.

தானியத்துக்குப் பஞ்சம் இருக்கவில்லை. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் கையிருப்பு, ஏப்ரல் மாதத்துக்கு விதிக்கப்பட்ட 2.1 கோடி டன் அளவைப்போல் இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. இதனைத் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் எனவும், குடும்ப அட்டை இல்லாதோருக்குத் தற்காலிக அட்டை தரலாம் எனவும் அமர்த்தியா சென், இரகுராம் இராசன், அபிசித் பானர்சி ஆகிய மூவரும் ஏப்ரலில் கூட்டாகக் கட்டுரை எழுதினர். ஏழைகளைக் காக்கச் சுமார் 65,000 கோடி உரூபா தேவைப்படும் என இராசன் அம்மாத இறுதியில் மதிப்பிட்டார். குடும்ப அட்டை இல்லாத புலம்பெயர் தொழிலாளருக்குத் தானியம் வழங்கும் அறிவிப்பு மே 14 அன்றுதான் வந்தது. அவர்களிற் பலரின் அட்டைகள் சொந்த ஊரில், வேறு மாநிலத்தில் இருந்தன.

மே 12 அன்று அறிவிக்கப்பட்ட 20 இலட்சம் கோடி உரூபா திட்டத்தின் பெரும்பகுதி கடன், கடன் உறுதி, இந்திய ரிசர்வ் வங்கியின் பணப்புழக்க நடவடிக்கைகள் ஆகியவை. நேரடிச் செலவு அதில் சிறு பங்கே. எனினும் நூறு நாள் வேலைத் திட்டத்துக்குக் கூடுதலாக ஒதுக்கப்பட்ட 40,000 கோடி உரூபா குறிப்பிடத்தக்க பயன் தந்தது. 2019-20இல் சுமார் 265 கோடி மனித வேலை நாட்களாக இருந்தது, 2020-21இல் சுமார் 389 கோடியாக உயர்ந்தது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசு அரிசி பெறும் குடும்ப அட்டை ஒவ்வொன்றுக்கும் 1,000 உரூபாயும் இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வழங்கியது. மாநிலத்தில் எல்லாருக்குமான பொது விநியோக முறை முன்பே இருந்ததால், யார் ஏழை என்று பிரித்துக்கொண்டிருக்க நேரவில்லை. அம்மா உணவகங்களும் மூடப்படவில்லை. வெளிமாநிலத் தொழிலாளர் மட்டும் இந்த அட்டை முறைக்கு வெளியே நின்றனர்.

சுகாதாரத்தையும் பிழைப்பையும் எதிரெதிராக வைத்து எடுக்கப்படும் முடிவு எவ்வாறு இரண்டையும் கெடுக்கும் என்பதற்குச் சென்னைக் கோயம்பேடு சந்தை எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றது. காய்கறி வழங்கல் நிற்கக்கூடாது என்பதற்காக முடக்கத்திலும் சந்தை இயங்கியது. அது தவறென்று சொல்ல இயலாது. ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என அரசு அறிவித்தது. இடையில் இருந்தது ஒரே நாள். அந்த 25ஆம் நாள் நகரம் முழுதும் கடைகளில் மக்கள் நெருக்கியடித்தனர். கோயம்பேட்டிலும் பெருங்கூட்டம் கூடியது. அடுத்த இரு வாரங்களில் சந்தைத் தொடர்புடைய தொற்று சென்னையில் மட்டுமன்றிக் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலும் வெளிப்பட்டது. ஊர் திரும்பிய சுமைதூக்குவோரும் சரக்குந்து ஓட்டுநரும் அவர்களறியாமலே நோயைக் கொண்டுசென்றிருந்தனர். மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, திருமழிசையில் தற்காலிகச் சந்தை அமைக்கப்பட்டது. இடம் மாறும்படி முன்பே கேட்டபோது வணிகர்கள் இசையவில்லை என அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி பின்னர் கூறினார். உரிய நேரத்தில் அரசு செயற்படவில்லை என எதிர்க்கட்சிகள் கூறின.

மற்றொன்று மதுக்கடைகள் பற்றியது. டாசுமாக் வழியே மாநில அரசுக்கு ஆண்டுக்கு 30,000 கோடி உரூபாய்க்கு மேல் வருவாய் கிடைத்து வந்தது. சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் மாநிலங்கள் தாமே விகிதம் முடிவுசெய்யக்கூடிய வரிகள் மது, எரிபொருள் முதலிய சிலவே. அண்டை மாநிலங்களில் கடைகள் திறக்கப்பட்டதைக் காரணங்காட்டி, மே 7 அன்று சென்னை நீங்கலாகக் கடைகள் திறக்கப்பட்டன. முதல் நாள் விற்பனை சுமார் 170 கோடி உரூபா. இடைவெளி விதிகள் பின்பற்றப்படவில்லை எனச் சென்னை உயர்நீதிமன்றம் மே 8 அன்று கடைகளை மூட ஆணையிட்டது. மே 15 அன்று உச்சநீதிமன்றம் அவ்வாணைக்கு இடைக்காலத் தடை விதிக்க, மறுநாள் கடைகள் மீண்டும் திறந்தன. சென்னையில் ஆகத்து 18 அன்று திறந்தன.

பள்ளிகளோ அவ்வளவு விரைவில் திறக்கவில்லை. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் தொடங்கின. பத்தொன்பது மாதங்கள்! குழந்தைகளின் கல்வி இழப்பு எந்தக் காலாண்டின் உற்பத்திக் கணக்கிலும் வருவதில்லை என்பதாலேயே அதற்காக வாதாடுவோர் குறைவாக இருந்தனர் போலும். இவ்விழப்பை ஈடுசெய்ய மாநில அரசு 2021 அக்டோபரில் "இல்லம் தேடிக் கல்வி" என்னும் தன்னார்வலர் திட்டத்தைத் தொடங்கியது.

முடக்கம் தந்த கால அவகாசம்

பொதுமுடக்கம் நோயை ஒழிப்பதில்லை, தள்ளிப்போடுகின்றது. அவ்வாறு கிடைக்கும் காலத்தில் மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் ஆயத்தமாகின்றனவா என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மே-சூனில் நடத்திய முதல் தேசிய குருதி ஆய்வில், வயதுவந்தோரில் 0.73 விழுக்காட்டினரே தொற்றுக்கு ஆளாகியிருந்தது தெரியவந்தது. அவ்வகையில் முடக்கம் தன் நோக்கத்தை அடைந்தது. புனேவின் ஓர் ஆய்வகத்தில் தொடங்கிய சோதனை வசதி, சூன் மாத இறுதிக்குள் ஆயிரம் ஆய்வகங்களுக்குப் பரவியது. மருத்துவப் பணியாளருக்கான பாதுகாப்பு உடைகள் உள்நாட்டிலேயே நாளொன்றுக்குச் சில இலட்சம் தயாராயின. திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிற் சிலவும் இப்பணிக்கு மாறின.

மறுபுறம், பிற நோயாளிகள் இக்காலத்தில் கைவிடப்பட்டனர். நாட்டில் 2019இல் 24 இலட்சமாக இருந்த காசநோய்ப் பதிவு 2020இல் 18 இலட்சமாகக் குறைந்தது. நோய் குறையவில்லை, கண்டறிவது குறைந்தது. எனவே "சுகாதாரம்" என்னும் தட்டிலும் இரு பக்க எடைகள் உள்ளன.

தளர்வுகள் சூனில் தொடங்கியபோது நோயாளிகள் எண்ணிக்கை 1.8 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அதாவது நோயாளிகள் 500 பேராக இருந்தபோது மூடப்பட்ட நாடு, அதைப்போல் 350 மடங்குக்கும் மேல் ஆனபோது திறக்கப்பட்டது. மேலும் மூடியிருக்க மக்களிடமோ அரசிடமோ பொருள் இல்லை என்பதே இதன் காரணம். முதல் அலை செப்டம்பர் நடுவில், நாளொன்றுக்கு 97,000க்கும் மேற்பட்ட தொற்றுகளுடன் உச்சமடைந்தது.

இரண்டாம் அலை

2021 ஏப்ரல் 20 அன்று தலைமை அமைச்சர், முடக்கத்தை இறுதி ஆயுதமாக மட்டுமே கருதுமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். டெல்ட்டா வகைத் தீநுண்மியால் மே முதல் வாரத்தில் நாள் தொற்று 4 இலட்சத்தைத் தாண்டியது. உயிர்வளித் தட்டுப்பாட்டால் மருத்துவமனைகள் திணறின. தமிழ்நாட்டில் புதிதாகப் பொறுப்பேற்ற மு. க. ஸ்டாலின் அரசு மே 10 முதல் ஊரடங்கை அறிவித்து, மே 24 முதல் அதனைக் கடுமையாக்கியது. அரிசி அட்டைகளுக்கு இரு தவணைகளில் 4,000 உரூபா வழங்கப்பட்டது. இம்முறை ஆலைகள் பலவற்றுக்கும் சரக்குப் போக்குவரத்துக்கும் விலக்கு இருந்ததால் பொருளிழப்பு முந்தைய ஆண்டைவிடக் குறைவு. உயிரிழப்போ மிக அதிகம்.

2021 இறுதிவரை இந்தியாவில் சுமார் 4.8 இலட்சம் கோவிட் இறப்புகள் அதிகாரபூர்வமாகப் பதிவாயின. உலக சுகாதார அமைப்பு 2022 மே மாதத்தில், 2020, 2021 ஆகிய ஈராண்டுகளின் மிகை இறப்பை 47 இலட்சம் என மதிப்பிட்டது; இந்திய அரசு அதன் கணக்கீட்டு முறையை ஏற்கவில்லை. 2025இல் வெளியான குடிமைப் பதிவுத் தரவுகளின்படி, எல்லாக் காரணங்களாலும் நேர்ந்து பதிவான இறப்புகள் 2020இல் சுமார் 81 இலட்சமாகவும் 2021இல் சுமார் 1.02 கோடியாகவும் இருந்தன. பதிவு முறை மேம்பட்டதும் இவ்வுயர்வுக்கு ஓரளவு காரணமாகலாம்.

கருத்து வேறுபாடுகள்

முடக்கத்தை எதிர்த்தோரின் வாதங்களில் வலுவானது மக்கள்தொகை பற்றியது. முதியோர் குறைந்த, சேமிப்பற்ற நாடுகளில் முடக்கத்தால் கிடைக்கும் பயன் செல்வ நாடுகளைவிடக் குறைவு, இழப்போ அதிகம் என யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்னெட்-ஓவல், முசுபிக் மொபாரக் ஆகியோர் 2020இல் எழுதினர். முதியோரைப் பாதுகாத்து இளையோரை வேலைக்கு அனுப்பலாம் என வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் முன்னாள் முதல்வரும் நோய்ப்பரவலியல் அறிஞருமான ஜெயப்பிரகாஷ் முளியில் வாதிட்டார். ஆனால் ஓரறை வீட்டில் மூன்று தலைமுறையினர் வாழும் இடங்களில் முதியோரை மட்டும் எங்ஙனம் பிரித்து வைப்பது என்பதற்கு நடைமுறை விடை கிடைக்கவில்லை. தடுப்பூசி பரவலாகுமுன் நோயைப் பரவவிடுவதன் விலை என்ன என்பதை 2021 காட்டியது.

ஆதரித்தோரின் வலுவான வாதம், பொருளிழப்புக்கு ஊரடங்கு ஆணை மட்டும் காரணமன்று என்பது. ஐக்கிய அமெரிக்காவில் கைப்பேசித் தரவுகளைக் கொண்டு கூல்சுபி, சிவர்சன் ஆகியோர் செய்த ஆய்வில், கடைகளுக்கு வருவோர் 60 விழுக்காடு குறைந்ததில் 7 விழுக்காட்டுப் புள்ளிகளே சட்டத் தடையால் நேர்ந்தவை எனக் கண்டனர். எஞ்சியவர் அச்சத்தால் தாமே வீட்டில் இருந்தனர். இம்முடிவை இந்தியாவுக்கு அப்படியே பொருத்துவது கடினம். அஞ்சி வீட்டில் இருப்பதற்கும் கையில் பணம் வேண்டும். இந்தியாவில் நோய் பரவுமுன்பே முடக்கம் வந்துவிட்டது.

சுவீடனை இரு தரப்பும் சான்று காட்டுவதுண்டு. கடும் முடக்கத்தைத் தவிர்த்த அந்நாட்டில் 2020இல் இறப்பு வீதம் அண்டை நோர்வே, பின்லாந்து ஆகியவற்றைவிடப் பன்மடங்கு அதிகம். ஆயினும் 2020 முதல் 2022 வரையிலான மூன்றாண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் அதன் மிகை இறப்பு ஐரோப்பாவின் குறைந்த அளவுகளுள் ஒன்று. நோயுற்ற முதல் நாளிலிருந்தே ஊதியம் தந்து வீட்டில் இருத்த அவ்வரசால் இயன்றது என்பது இவ்விவாதத்தில் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றது.

1918-19 நச்சுச்சளிக்காய்ச்சலில் பிரித்தானிய இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படுகின்றது. அப்போது நாடு தழுவிய முடக்கம் ஏதும் இருக்கவில்லை. அவ்வாண்டின் பருவமழைப் பொய்ப்பும் விலையேற்றமும் நோயுடன் சேர்ந்துகொண்டதால், இறப்பில் நோயின் பங்கையும் பசியின் பங்கையும் பிரித்தறிவது இன்றுவரை ஆய்வாளருக்குக் கடினமாகவே உள்ளது.